சுவரிலிருந்து இருநூறு அடி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. வாடகைக்கு இருக்கிற இந்த மாடிக்கு இருபத்திரண்டு படி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கினால் அதுவும் கோபித்துக்கொள்ளத்தான் செய்யும். நீயும் வீட்டில் உள்ளவர்களும் எப்படி இருக்கிறீர்கள்? உன் சமையலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததே, நின்றதா? உன் அத்தான் கேட்கச் சொன்னார். கொத்தனாருக்கு முதலில் கூரை, அப்புறம்தான் ஆள்.

இதைப் போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் நீ 'ம்' போடுகிறாய். கடிதத்துக்கு 'ம்' போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மண்டலச் சட்டத்தையே ரத்து செய்யப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால், மூடின மில்லைச் சுற்றி வளர்ச்சி மண்டலம் வருகிறது, ஊருக்கே வேலை வருகிறது என்று சட்டம் போட்டார்கள். மில் சுவரிலிருந்து இருநூறு அடி அளந்து மஞ்சள் கல் நட்டார்கள். நம் தெருவில் பதினொரு வீடு அதற்குள் போனது. லாரி நிறுத்த இடம் வேண்டுமாம். இன்றைக்கு வரை ஒரு லாரி வரவில்லை. உன் அத்தான் தன் கையால் கட்டின வீட்டை எதிர்ச்சாரியில் நின்று இடிபடுவதைப் பார்த்தார். இப்போது அங்கே கம்பி வேலியும் முள்ளும்தான் இருக்கின்றன.

சட்டமே போய்விட்டால் மனை எங்களுக்குத் திரும்பி வருமா? நீ சட்டம் எழுதுகிற ஆபீஸில்தானே இருக்கிறாய். வாயைத் திறந்து யாரிடமாவது கேட்டுச் சொல். கீழ் வீட்டுக்காரர் என் தையல் மிஷின் சத்தம் அவர் மண்டைக்குள் ஓடுகிறது என்கிறார். அவர் தூங்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில்தான் பள்ளிக்கூடப் பை தைக்கிறேன்.

"அவனைத் தொந்தரவு பண்ணாதே" என்றார் அத்தான். "ஒரு தடவை உன்னை மூணு நாள் வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டானே, அதுவே போதும்." அதை இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் போலப் போன மாதமும் ஜிப்பும் கேன்வாஸும் வாங்க உன் ஊருக்கு வந்து போனேன். நீ வேலையாக இருப்பாய் என்று வீட்டுப் பக்கம் வரவில்லை.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் துளைத்துக்கொண்டிருக்கும்
அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விவரங்கள் அறிந்தேன். நாங்கள் நலம். இங்கே தலைக்கு மேல் வேலை. நீ கேட்டது ஆபீஸ் விஷயம். ஒரு மசோதா அவைக்கு வரும்வரை அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது என்பது விதி. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எல்லாம் நல்லபடியாக முடியும். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி

மார்ச் 2

விவரம் அறிந்த தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகம்தான் என்று உன் ஐந்து வரியில் இருந்து தெரிந்துகொண்டேன். கூரையைக் கேட்டேன், பதில் இல்லை. உனக்கு 'விவரங்கள் அறிந்தேன்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து அனுப்பட்டுமா? கை வலியாவது மிச்சம்.

வேலியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சட்டம் ரத்தானதும் மண்டலத்து நிலம் எல்லாம் அரசாங்கத்துக்குப் போகுமாம். ஜூலை முதல் தேதி ஏலமாம். ஆட்சேபம் இருந்தால் சட்டசபைக் குழுவிடம் ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமாம். பதினொரு வீட்டுக்காரர்களும் நேற்று இங்கே கூடினோம். அறையில் இடம் போதாமல் பாதிப் பேர் படியில் உட்கார்ந்தார்கள். வெல்டிங்காரர் தன் வயதான அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் மனை ஏலத்தில் போய்விட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்காது. வாங்குகிறவன் எங்கிருந்தோ வருவான். அவனிடம் போய் நாங்கள் என்ன பேசுவது?

"உங்க தம்பி அங்கதானே இருக்காரு? அந்தச் சட்டத்தை யார் எழுதினதுன்னு அவருக்குத் தெரியாதா?" என்று பால்கடை அம்மா கேட்டாள். ஆயிரம் பேர் இருக்கிற ஆபீஸில் அவனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிச் சமாளித்தேன். உனக்குத் தெரியுமா?

கோபம் பாதி, பாசம் பாதியாக
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் சரியில்லை.

நீ கேட்டதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது. நான் ஒன்று கேட்கிறேன், ஏன் என்று கேட்காமல் எழுது. மில்லின் கிழக்குச் சுவர் நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இருந்த அதே சுவர்தானா? அதை எப்போதாவது இடித்துக் கட்டினார்களா? கட்டினார்கள் என்றால் எந்த வருஷம், எத்தனை அடி தள்ளி? அத்தானைக் கேட்டுச் சரியாக எழுது. இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்டாதே.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

தூக்கம் வராவிட்டால் காலார நட. உட்கார்ந்தே இருக்கிறவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

உன் கேள்வியைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சுவரைக் கட்டினதே உன் அத்தான்தான். ஏழு வருஷம் ஆகிறது. புதுக் கிடங்குக்கு இடம் வேண்டும் என்று பழைய சுவரை இடித்துவிட்டு அறுபது அடி நம் தெருப்பக்கம் தள்ளிக் கட்டினார்கள். ரெண்டு வருஷம் சரியாக வேலை இல்லாமல் இருந்தவருக்கு நாலு மாதம் முழுசாக வேலை. கட்டி முடித்து ஈரம் காய்வதற்குள் மில்லை மூடிவிட்டார்கள்.

சுவர் வேலை நடக்கும்போதே இதை உனக்கு எழுதினேன். செப்டம்பர் மாதம். நாலு பக்கம். உன் பதில் கார்டு இன்னும் என் பட்டன் டப்பாவில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். 'உன் கடிதம் கிடைத்தது. விவரங்கள் அறிந்தேன். சந்தோஷம்.' அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும்.

நீ கேட்டதும் அத்தான் சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். பழைய சுவரிலிருந்து இருநூறு அடி அளந்தால் காலி நிலம் முடிகிற இடத்தில் கோடு நின்றுவிடுகிறது. ஒரு வீடுகூட மாட்டவில்லை. புதுச் சுவரிலிருந்து அளந்தால் பதினொன்றும் உள்ளே வந்துவிடுகிறது. "இதை எழுதினவன் பழைய சுவரை மனசுல வெச்சு எழுதியிருக்கான்" என்றார். "நம்ம ஊரைத் தெரிஞ்சவன்தான். ஆனா ரொம்ப நாளா இந்தப் பக்கம் வராதவன்."

கோட்டை நான் துடைக்கவில்லை. நீ ஏன் கேட்டாய்?

அக்கா

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எல்லாரும் சுகமா? உடம்புக்கு ஏதாவதா? போன் செய்தேன். உன் வீட்டுக்காரி எடுத்தாள். நீ குளிக்கிறாய் என்றாள். மறுநாளும் குளிக்கிறாய் என்றாள். இவ்வளவு குளித்தால் சளி பிடிக்கும்.

ஏலம் எடுக்கிறவர்கள் காரில் வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று வந்த ஒருவர் எங்கள் வீடு இருந்த இடத்தில் நின்றுகொண்டு, இங்கே பெட்ரோல் பங்க் போடலாம் என்று கை நீட்டிக் காட்டினார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த இடம் என் சமையலறை.

குழுவிடம் கொடுக்க எங்களிடம் சாக்பீஸ் கோடுதான் இருக்கிறது. மில் காகிதம் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. உனக்கு ஏதோ தெரியும். தெரிந்துகொண்டு இப்படிப் பேசாமல் இருக்காதே. எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் வரி வரியாகப் படித்தேன். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

அத்தான் சொன்னது சரி. அந்த வரியை எழுதினவன் நம் ஊர்க்காரன். நான்தான்.

சட்டம் எங்கள் பிரிவுக்கு வந்தபோது எல்லையை விவரிக்கிற அட்டவணை என் மேஜைக்கு வந்தது. மேலிருந்து வந்த உத்தரவு தெளிவாக இருந்தது: மில்லும் அதன் கிழக்கே உள்ள காலி நிலமும் மட்டும், குடியிருப்பு எதையும் தொடக் கூடாது. எல்லை எழுதுகிறவன் அந்த எல்லையைத் தன் காலால் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் எல்லை சரி. வேறு ஊராக இருந்தால் போயிருப்பேன். "உன் ஊர்தானேப்பா, உனக்குத் தெரியாததா?" என்றார் அப்போதைய அதிகாரி. எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தச் சுவருக்கும் நம் தெருவுக்கும் நடுவில் நாம் ஓடாத ஓட்டமா? நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எழுதினேன், 'ஆலையின் கிழக்குச் சுவரிலிருந்து இருநூறு அடி' என்று.

கல் நட்டார்கள் என்று நீ எழுதினபோதே எங்கேயோ உதைத்தது. பழைய கோப்பைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சட்டம் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று உனக்குப் பதில் எழுதிவிட்டு மறக்கப் பார்த்தேன். இப்போது ரத்து மசோதாவையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். என் அக்கா வீடு அதற்குள் போனது இங்கே யாருக்கும் தெரியாது. கோப்பைத் திறக்க வேண்டி வந்தது. நான் போட்ட வரைபடம் அதில் அப்படியே இருக்கிறது. சுவர், காலி நிலம், அதற்கப்பால் பதினொரு கட்டம். கட்டங்களின் மேல் 'வீடுகள், சேராது' என்று என் கையெழுத்து.

சுவர் தள்ளிப் போனதை நீ எழுதினாய் என்றாயே, அந்தக் கடிதத்தைத் தேடினேன். உன் கடிதங்களை எல்லாம் ஒரு பெட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறேன். கிடைத்தது. அக்கா, அதன் உறை ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வுத் தேர்வு. அப்புறம் படிக்கலாம் என்று வைத்துவிட்டு, நீ காத்திருப்பாயே என்று முதலில் பதிலைப் போட்டிருக்கிறேன்.

வரைபடத்தையும் உறையையும் குழுவிடம் கொடுத்தால் பதினொரு மனையையும் திருப்பிக் கொடுக்க ரத்து மசோதாவில் ஒரு பிரிவு சேர்க்க வழி இருக்கிறது. என் வேலை போகலாம். கொடுக்காவிட்டால் சட்டத்தோடு சேர்ந்து என் தப்பும் மண்ணுக்குள் போய்விடும். என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி

மே 23

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் மிஷின் டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். அப்புறம் உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். கொத்துவேலைக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டார். "அவனா?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ சொல்கிறபடி செய்கிறேன் என்கிறாயே, எங்கள் வீட்டை எடுக்கும்போது என்னைக் கேட்டுக்கொண்டா எழுதினாய்? உன் தலைச்சுமையை என் தலைக்கு மாற்றிவிட்டு நீ நல்லவனாக நிற்கப் பார்க்கிறாய். செய்ய வேண்டியது என்ன என்று உனக்குத் தெரியும். உனக்கு வேலை போனால் போகட்டும் என்று என் வாயால் சொல்ல வைக்காதே.

வரைபடத்தைக் கொடு. ஆனால் உறையைக் கொடுக்காதே. நீயும் பிரிக்காதே. அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பு. முதல் மூன்று பக்கம் ஊர்க்கதை. நாலாவது பக்கம் உனக்கென்று எழுதினது. அதை இனிமேல் யார் படித்தும் பிரயோஜனம் இல்லை. நான் சொன்ன ஒரு பொய் அதில் இருக்கிறது. அந்தப் பொய்யின் மேல் ஏழு வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஏழு வருஷமும், நீ அதைப் படித்துவிட்டுத்தான் அப்படிப் பதில் எழுதினாய் என்று நினைத்திருந்தேன். தம்பிக்கு என்ன கஷ்டமோ என்று பொறுத்துக்கொண்டேன். படிக்கவே இல்லை என்று இப்போது சொல்கிறாய். இந்த ரெண்டில் எது பெரிய தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே வரைபடத்தைக் குழுத் தலைவரிடம் கொடுத்து, என் தப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதில் உன் வீடும் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. மசோதா வேலையிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. அது என் பாடு.

ஆனால் தலைவர் நம்பவில்லை. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்து. அக்காவுக்காக நேத்து ராத்திரிகூடப் போட்டிருக்கலாம்" என்றார். "சுவர் சட்டத்துக்கு முன்னாடியே தள்ளிப்போச்சு, அது உங்களுக்குத் தெரியாது, இந்த ரெண்டையும் வெளி ஆதாரத்தால காட்டுங்க. இல்லன்னா ஏலத்தை நிறுத்த முடியாது." விசாரணை பத்தொன்பதாம் தேதி.

வெளி ஆதாரம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. சட்டத்துக்கு முந்தின வருஷத்துத் தபால் முத்திரை, பிரிக்காத ஒட்டு. அதைவிட நல்ல ஆதாரம் யாராலும் தயார் செய்ய முடியாது. அது என்னிடம் இருப்பதாக நான் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழுவில் வைக்கிற கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பாதியில் நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சாட்சிகளும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்பு என்றால் அனுப்பிவிடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கேட்டாயே, அதுவரைக்கும் சரி.

நேற்று வெல்டிங்காரர் வந்தார். அவர் அம்மா தினமும் சாயங்காலம் வேலியோரம் நாற்காலி போடச் சொல்லி உட்காருகிறாளாம். வீட்டுக்குள் போகலாம் வா என்று அவரையே கூப்பிடுகிறாளாம். அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் என் படியில் உட்கார்ந்து அழுதார்.

என் ஒரு பக்கத்தைக் காப்பாற்றப் பத்துப் பேர் வீட்டை நான் எடுத்துக்கொண்டால், நீ செய்ததற்கும் நான் செய்வதற்கும் வித்தியாசம் இல்லை. நீயாவது தெரியாமல் செய்தாய்.

உறையைக் கொண்டு போய்க் கொடு. சுவர் கட்டினவர் என்று அத்தானையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வரவில்லை. கடிதத்தைப் படிக்கும்போது நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வருஷத்துக்கு முன்னால் செப்டம்பர் 4 அன்று நீ எனக்கு எழுதின கடிதம் நேற்று எனக்குக் கிடைத்தது.

குழுவின் எழுத்தர் ஒட்டையும் முத்திரையையும் எல்லாருக்கும் காட்டிவிட்டு, ஸ்கேலை உள்ளே விட்டு உறையைப் பிரித்தார். எழுந்து நின்று, தபால் வாசிக்கிற அதே குரலில் படித்தார். முதல் பக்கத்திலேயே சுவர் வந்துவிட்டது. இடித்தது, அறுபது அடி, அத்தானுக்கு வேலை, எல்லாம் தேதியோடு. தலைவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். நமக்கு வேண்டியது அதோடு முடிந்துவிட்டது. அவர் படித்துக்கொண்டே போனார்.

நாலாவது பக்கம் வந்தபோது அத்தான் என் வலது பக்கம் இருந்தார். எழுத்தர் படித்ததை நான் மறக்க மாட்டேன். 'மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அறுத்து எடுத்துப் பார்க்க வேண்டுமாம். உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. உன் அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் சுவரைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிடுவார். உன் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறேன், தம்பி பஸ் ஸ்டாண்டில் நிற்பான் என்று சொல்லியிருக்கிறேன். எட்டு மணிக்கு வந்து நில். எனக்குப் பயமாக இருக்கிறது. வர முடியாவிட்டால் எழுது.'

நான் எழுதினேன் அக்கா. சந்தோஷம் என்று எழுதினேன்.

அத்தான் எழுந்து நின்றார். அவர் முறை வரவில்லை, உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "சுவர் நான் கட்டினது. அறுபது அடி, நூல் பிடிச்சுக் கட்டினது. எங்க வேணா சொல்றேன். கடைசிப் பக்கம் எங்க வீட்டு விஷயம், அதை மட்டும் எழுதிக்காதீங்க" என்றார். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நாலாவது பக்கத்தைப் பதிவிலிருந்து எடுக்கச் சொன்னார். அப்படி எடுக்க விதியில் இடம் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

வெளி வராந்தாவில் அத்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அந்த மூணு நாள் அவ எங்க இருந்தா?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இத்தனை வருஷம் எனக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்த நன்றியை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் திருப்பி வாங்கிக்கொண்டார். அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தோளை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எல்லையைப் பழைய சுவரின் அஸ்திவாரத்திலிருந்து அளந்து, பதினொரு மனையையும் உரியவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அந்தப் பிரிவை எழுதப் பக்கத்து மேஜைக்காரர் நம் ஊருக்கு வருவார். நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். என்னைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அங்கேதான்.

இனி உன் கடிதத்துக்குப் பதில். மூன்றாவது பக்கத்தில் வாசல் கதவுக்குப் பச்சை அடிக்கலாமா நீலம் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். நீலம் அடி. பிப்ரவரியில் கூரையைக் கேட்டிருந்தாய். இன்னும் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். அந்தச் சட்டத்தை எழுதினது யார் என்று மார்ச்சில் கேட்டாய், அதற்குப் பதில் உனக்குத் தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் நீ ஜிப் வாங்க இந்த ஊருக்கு வருவது எதற்கு என்று எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. ஜிப் உன் ஊரிலேயே கிடைக்கும்.

அடுத்த தேதி என்ன?

தம்பி

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன்.

மசோதா நிறைவேறிவிட்டது என்று பேப்பரில் வந்த அன்றே வேலியைப் பிரித்துவிட்டோம். ஆர்டர் கைக்கு வரட்டும் என்றார் வேலியைப் பார்த்துக்கொள்கிற மண்டல போர்டு ஆள். வரட்டும், வேலி அது பாட்டுக்குப் பிரியட்டும் என்றாள் பால்கடை அம்மா. வெல்டிங்காரரின் அம்மா நாற்காலியை அவள் வீட்டுக் கூடம் இருந்த இடத்தில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். உன் அத்தான் எங்கள் மனையில் இருந்த மஞ்சள் கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல கல். இன்றைக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தாயிற்று.

அங்கிருந்து வந்து நாலு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், "மூணு நாள் எங்க இருந்தே?" என்று கேட்டார். சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் ஒன்பதரை மணி வரை உன்னைத் தேடினது, தனியாகப் போய்ப் படுத்தது, பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் கொடுத்தது, எல்லாம் சொன்னேன். அந்தத் தடவை கட்டியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன். கதவுக்கு நீலம்தான்.

தேதி கேட்டாயே. ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறவர்கள், ஜனவரியில் பார்த்துவிட்டு, இந்தத் தடவை ஆறு மாதத்திலேயே வரச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன், வாருங்கள் பார்க்கலாம் என்றார்கள். இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அத்தான் கூட வருவதாகத்தான் இருந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "அவன் வந்து நிக்கட்டும். நிக்கலைன்னா போன் பண்ணு, அடுத்த பஸ்ல நான் வரேன்" என்றார்.

எட்டு மணிக்கு வந்து நில். எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பி நிற்பான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போன தடவையும் அதைத்தான் சொன்னேன்.

அக்கா